கோடை வெயிலும் நம் மூளையும்



கரிசல் காட்டில் கோடை நண்பகலில் செம்மறி ஆட்டு மந்தையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலையில் பரந்து மேய்ந்த ஆடுகள், வெயில் ஏறியதும் மேய்ச்சலை நிறுத்திவிடும். ஒன்றையொன்று நெருங்கி, அடுத்த ஆட்டின் வயிற்றடியில் தலையை நுழைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். விரட்டினாலும் எளிதில் நகராது.

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்திலுள்ள அச்சங்குளம் பகுதிக்கு ஒரு பங்குனி மாதத்தில் வயல் பார்வைக்குச் சென்றிருந்தேன். மணி ஒன்று இருக்கும். ஆடுகள் அவ்வாறு தலை கவிழ்ந்து நின்றன. அடுத்த காட்டில் ஏழெட்டுப் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆடு மேய்த்த பெரியவர் வேப்பமர நிழலில் இருந்தபடி, "தம்பி, ஆட்டுக்குத் தெரியுது. மனுசனுக்குத் தெரியலையே" என்றார்.

அவர் சொன்னது பாதி உண்மை. வெயில் மிகுந்துவிட்டது என்பது அந்தப் பெண்களுக்கும் தெரியும். ஆட்டின் மூளை இடும் அதே கட்டளையைத்தான் அவர்களுடைய மூளையும் இட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஆட்டுக்குக் கூலி இல்லை. பறித்த எடைக்கு ஏற்பக் கூலி வாங்கும் மனிதர் அந்தக் கட்டளையை மீறி உழைக்கிறார். கோடையில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இந்த மீறலால்தான். ஆகவே மூளை என்ன கட்டளை இடுகிறது, ஏன் இடுகிறது, மீறினால் என்ன நேரும் என்பதைத் தெரிந்துகொள்வது, பயிருக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று தெரிந்துகொள்வதைப் போலவே தேவையானது.

உடலின் வெப்பக் கணக்கு

நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி சென்டிகிரேடு. வெளியே மார்கழிக் குளிராக இருந்தாலும், அக்கினி நட்சத்திரமாக இருந்தாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. 40 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. இயல்பான நிலைக்கும் ஆபத்தான நிலைக்கும் இடையே உள்ள தூரம் மூன்றே டிகிரிதான்.

வெப்பம் சூரியனிடமிருந்து மட்டும் வருவதில்லை. மண்வெட்டி பிடித்து வேலை செய்யும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாகிறது. நன்றாக வரப்பு வெட்டும் ஒருவர் உடலில் மணிக்கு 300 கிலோகலோரி வெப்பம் உண்டாவதாக வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள உடலை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 50 கிலோகலோரி போதும். இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால், பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறி, அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். அவ்வாறு நேராமல் நாள்தோறும் நம்மைக் காப்பது மூளையின் மேற்பார்வைதான்.

மூளைக்குச் செய்தி போகும் வழி

தோலின் அடியில் வெப்பத்தை உணரும் நரம்பு நுனிகள் உள்ளன. இவை செயல்படும் விதத்தை விளக்க நம் மிளகாயே நல்ல உதாரணம். காரமான வத்தலைக் கடித்தால் வாய் எரிகிறது, நெற்றி வியர்க்கிறது. வாயில் நெருப்பு எதுவும் இல்லை. பின் ஏன் வியர்வை? நரம்பு நுனியில் ஒரு புரதக் கதவு உள்ளது. சுமார் 43 டிகிரி வெப்பம் பட்டால் அது திறந்து "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் அதே கதவைத் திறந்துவிடுகிறது. செய்தி வந்ததும் மூளை உடலைக் குளிர்விக்கக் கட்டளை இடுகிறது. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் இந்தக் கதவைக் கண்டறிந்தனர். அதற்காக அவர் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதமான சூட்டையும் குளிர்ச்சியையும் உணர இதுபோன்ற வேறு கதவுகளும் உள்ளன.

தோலிலிருந்து கிளம்பும் செய்தி தண்டுவடம் வழியாக மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதிக்கும் போகிறது. இதன் முன்பகுதியே உடல் வெப்பத்தின் கட்டுப்பாட்டு அறை. இங்குள்ள சில நரம்பணுக்கள் தம்மைச் சுற்றி ஓடும் இரத்தத்தின் சூட்டை நேரடியாகவே அறிகின்றன. 1961-இல் பூனைகளில் நடந்த ஆய்வில் இது முதலில் தெளிவாயிற்று. ஆகவே மூளைக்கு இரண்டு தகவல்கள் கிடைக்கின்றன. வெளியே வெயில் எவ்வளவு என்பதைத் தோல் சொல்கிறது. உள்ளே சூடு எவ்வளவு என்பதை இரத்தம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தே மூளை முடிவு செய்கிறது.

மூளை இடும் இருவகைக் கட்டளைகள்

முதல் வகை நம்முடைய நடத்தைக்கான கட்டளை. நிழலுக்குப் போ, மெதுவாகச் செய், உட்கார், தண்ணீர் குடி, சட்டையைத் தளர்த்து என்று மூளை தூண்டுகிறது. நடு வெயிலில் நமக்கு வரும் அலுப்பு, வேலையில் மனம் ஒட்டாமை, நிழலைக் கண்டால் கால் தானாக அங்கே திரும்புவது ஆகியவை இந்தக் கட்டளையின் வடிவங்களே. கோடையில் பசி குறைவதும் இதைச் சேர்ந்ததே. உணவு செரிக்கும்போதும் வெப்பம் உண்டாகிறது அல்லவா?

இதில் ஒரு நுட்பம் உண்டு. உள்வெப்பம் ஏறும் முன்பே, தோல் சொல்லும் செய்தியைக் கொண்டே மூளை இக்கட்டளையை இட்டுவிடுகிறது. வெள்ளம் வரும் முன் மடையைத் திறந்துவிடுவது போன்றது இது. இதற்குத் தண்ணீர்ச் செலவும் இல்லை, உப்புச் செலவும் இல்லை. ஆகவே அலுப்பைச் சோம்பல் என்று எண்ணி நம்மை நாமே கடிந்துகொள்வதும், பிறரைக் கடிந்துகொள்வதும் தவறு. அது உடலின் முதல் பாதுகாப்பு.

இரண்டாம் வகை, நம் விருப்பத்தைக் கேளாமல் உடல் உறுப்புகளுக்குப் போகும் கட்டளை. தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருக்கும் சூடான இரத்தம் தோலுக்கு வந்து வெப்பத்தை வெளியே விடுகிறது. அதற்காக இதயம் வேகமாக அடிக்கிறது. வியர்வைச் சுரப்பிகள் திறக்கின்றன. சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்கிறது. அதனால்தான் கோடையில் சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகிறது.

கால்நடைகளிலும் இதே ஏற்பாடுதான். எருமைக்குக் கருந்தோல், வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. ஆகவே அதன் மூளை நடத்தையையே பெரிதும் நம்பி அதைக் குளத்துக்கு இழுக்கிறது. நாயும் கோழியும் வாய் திறந்து இரைக்கின்றன. பருத்திச் செடிக்கு மூளை கிடையாது. ஆனாலும் அது இலையிலிருந்து நீரை ஆவியாக்கியே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஈரம் குறைந்தால் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. பிறகு இலை சூடாகி வாடுகிறது. வியர்வை குறைந்த மனிதரின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

வியர்வை என்னும் கடைசிக் காவல்

காற்றின் சூடு நம் தோலின் சூடான சுமார் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், உடலிலிருந்து வெப்பம் காற்றுக்குப் போவது நின்று, காற்றிலிருந்து உடலுக்கு வெப்பம் வரத் தொடங்கும். அதன்பின் எஞ்சும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும்.

இதன் வலிமையை லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் 1770-களில் காட்டினார். தண்ணீர் கொதிக்கும் சூட்டைக் காட்டிலும் மிகுதியாகச் சூடேற்றிய உலர்ந்த அறைக்குள் அவரும் நண்பர்களும் சில நிமிடங்கள் இருந்தனர். உள்ளே வைத்த இறைச்சித் துண்டு வெந்தது. அவர்களோ நலமாக வெளியே வந்தனர். உலர்ந்த காற்றில் வியர்வை விரைந்து ஆவியானதே காரணம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை சொட்டிக் கீழே விழுமே தவிர ஆவியாகாது. சொட்டிய வியர்வையால் குளிர்ச்சி இல்லை. கடலோரத்தில் 36 டிகிரியே தாங்க முடியாமல் இருப்பது இதனால்தான்.

நமது சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதியின் காற்று கோடையில் உலர்ந்தது. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே தொழிலாக நிலைத்ததற்கே இந்த வறண்ட காலநிலை ஒரு காரணம். இது நமக்கு ஒரு நன்மை, அதிலேயே ஒரு ஏமாற்றும் உண்டு. வியர்வை தோலில் தங்காமல் உடனே காய்ந்துவிடுவதால், "எனக்கு ஒன்றும் வியர்க்கவில்லையே" என்று நினைத்துவிடுகிறோம். சட்டையின் முதுகிலும் அக்குளிலும் வெள்ளையாகப் படியும் உப்புக் கோட்டைப் பாருங்கள். எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கடின வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகக்கூடும்.

தாகம் ஏன் பிந்தி வருகிறது?

இரத்தம் கெட்டிப்படுவதை மூளையில் உள்ள தனி உணர்விகள் அறிந்து தாகத்தை உண்டாக்குகின்றன. ஆனால் தாகம் எடுக்கும்போதே உடல் எடையில் 100-க்கு ஒன்று முதல் இரண்டு பங்கு நீர் போயிருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஒரு லிட்டருக்கு மேல் வரலாம்.

இன்னொன்று, தாகம் சீக்கிரமே அடங்கிவிடுகிறது. தண்ணீர் வாயையும் தொண்டையையும் நனைத்துச் சென்ற உடனேயே, அது இரத்தத்தில் கலக்கும் முன்பே, மூளை தாகத்தைக் குறைத்துவிடுகிறது. வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய், தேவையான நீர் சேரும் முன்பே தாகம் நின்றுவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வர்டு அடால்ஃப் என்ற உடலியல் அறிஞரும் அவர் குழுவினரும் அமெரிக்கப் பாலைவனத்தில் படைவீரர்களை ஆராய்ந்தனர். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தபோதும், இழந்த நீரை வீரர்கள் உடனுக்குடன் முழுமையாகக் குடித்து ஈடுசெய்யவில்லை என்பதை அவர்கள் கண்டனர். ஆகவே வெயில் வேலையில் தாகத்தை மட்டும் நம்பக் கூடாது. வேளை வைத்துக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோரும், நீராகாரமும், கம்பங்கூழும் நம் முன்னோர் கண்ட நல்ல வழிகள். அவற்றில் தண்ணீரும் உண்டு, உப்பும் உண்டு.

பழகிய உடல், பழகாத உடல்

"நாங்க பார்க்காத வெயிலா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. நாள்தோறும் வெயிலில் வேலை செய்தால் 7 முதல் 14 நாட்களில் உடல் பழகுகிறது. வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, மிகுதியாக வருகிறது, அதில் உப்புக் குறைகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயத்தின் சுமை குறைகிறது. மூளையும் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகர ஆய்வாளர்கள் சுண்டெலிகளைச் சில வாரங்கள் சூடான சூழலில் வைத்துப் பார்த்தபோது, ஹைப்போதலாமசின் முன்பகுதி நரம்பணுக்கள் சில தூண்டுதல் இல்லாமலே தொடர்ந்து இயங்கத் தொடங்கியதையும், வெப்பம் தாங்கும் திறன் கூடியதையும் கண்டனர்.

ஆனால் இந்தப் பழக்கம் நிரந்தரம் அன்று. சில வாரம் வெயிலை விட்டு விலகினால் போய்விடும். நம் பகுதியில் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டில் ஒருவர் காட்டு வேலைக்கும் ஒருவர் பட்டாசு வேலைக்கும் போவது இங்கே வழக்கம். ஆலை வேலை நின்ற காலத்தில் அறையில் உட்கார்ந்து வேலை செய்தவர் நேரே காட்டுக்கு வருகிறார். வெளியூரிலிருந்து திரும்பிய மகன் மறுநாளே கோடை உழவுக்கு இறங்குகிறார். காய்ச்சலில் படுத்து எழுந்தவரும் முழு நாள் வேலைக்கு வந்துவிடுகிறார். இவர்களுடைய உடல் பழகாத உடல். வெயிலால் நேரும் இறப்புகள் வேலையின் முதல் சில நாட்களிலேயே மிகுதி. புதியவருக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, நாளுக்கு ஒரு பங்காகக் கூட்ட வேண்டும். முன்பு பழகி, இடையில் விட்டவர் முதல் நாள் பாதி வேலையில் தொடங்கலாம்.

கட்டளையை மீறினால்

எடைக்கூலியோ, இன்றைக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியோ, பக்கத்து நிரைக்காரர் முந்திவிடுவார் என்ற ரோஷமோ முதல் வகைக் கட்டளையை மீறச் செய்கிறது. அப்போது முழுச் சுமையும் வியர்வையின் மேல் விழுகிறது. நீரும் உப்பும் குறையக் குறையத் தசைப்பிடிப்பு, தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை வருகின்றன. இவை மூளையின் இரண்டாம் எச்சரிக்கை.

சேதம் உடனே தெரிய வேண்டும் என்பதும் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே செய்த ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. பெரும்பாலோர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதும் அதில் தெரிந்தது. அதே நிறுவனம் 800 கர்ப்பிணிப் பெண்களிடம் செய்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு போன்ற கேடுகள் ஏறத்தாழ இரு மடங்காகக் கண்டது. கர்ப்பிணிகளை நடு வெயில் வேலையிலிருந்து விலக்குவது சலுகை ஆகாது. அது ஓர் உயிரைக் காக்கும் கடமை.

பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சங்குளத்தில் மிளகாய் பறித்த பெண்களிடம் தண்ணீர்க் குடம் இருந்தது. ஆனால் அது ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. காரணம் கேட்டபோது ஓர் அம்மாள் தயங்கிச் சொன்னார்: "குடிச்சா ஒதுங்க இடம் வேணும்ல சார்?" நமது விஞ்ஞான விளக்கம் அனைத்தும் இந்த ஒரு கேள்விக்கு முன் நின்றுவிடுகிறது. காட்டின் ஓரத்தில் நான்கு கம்பு நட்டுப் பழைய சேலையோ சாக்கோ கட்டி ஒரு மறைப்பு அமைத்தால் போதும். குடத்துத் தண்ணீர் குறையத் தொடங்கும்.

மூளையே தடுமாறும் நிலை

உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது, எல்லாவற்றையும் மேற்பார்த்த மூளையே பாதிக்கப்படுகிறது. பேச்சுக் குழறுகிறது. நடை தள்ளாடுகிறது. காரணமின்றிக் கோபம் வருகிறது. கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் வருகிறது. பிறகு வலிப்போ நினைவிழப்போ நேரலாம். இதுவே வெயில் தாக்கு, அதாவது சன் ஸ்ட்ரோக். தோல் உலர்ந்திருந்தால்தான் வெயில் தாக்கு என்று நினைக்க வேண்டாம். உழைக்கும்போது தாக்குண்டவருக்கு வியர்வை இருந்துகொண்டே இருக்கலாம். குழப்பமே முக்கிய அடையாளம்.

இந்த நிலையில் அவர் "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்றுதான் சொல்வார். தன் நிலையைத் தானே அறியும் ஆற்றல் அவரிடம் அப்போது இல்லை. அவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் முடிவு செய்ய வேண்டும். ஆகவே கோடையில் தனியாக வேலைக்குப் போகாதீர்கள். இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் கவனியுங்கள். அடிக்கடி பேச்சுக் கொடுங்கள்.

காய்ச்சல் வேறு, வெயில் தாக்கு வேறு

உடம்பு கொதிக்கிறது என்று காய்ச்சல் மாத்திரை கொடுப்பதில் பயனில்லை. காய்ச்சலில், கிருமியை எதிர்க்க மூளையே தன் வெப்ப அளவை உயர்த்திக்கொள்கிறது. அதனால்தான் உடம்பு சுட்டாலும் குளிர் நடுக்கம் வருகிறது. மாத்திரை அந்த உயர்ந்த அளவைத் திரும்பக் கீழே இறக்குகிறது. வெயில் தாக்கில் மூளை அளவை உயர்த்தவே இல்லை. வெப்பம் கட்டுப்பாட்டை மீறி ஏறியிருக்கிறது. இதற்கு மருந்து தண்ணீரும் காற்றும்தான்.

உடனே செய்ய வேண்டியவை

1. நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள். மேலாடையைத் தளர்த்துங்கள். ஒருவர் 108-க்குத் தொலைபேசி செய்யட்டும்.

2. வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர்வியுங்கள். பம்புசெட் தொட்டி அருகில் இருந்தால் தலை தண்ணீருக்கு வெளியே இருக்குமாறு தாங்கிப் பிடித்து, கழுத்துவரை அமிழ்த்துங்கள். விட்டு அகலாதீர்கள். தொட்டி இல்லையென்றால் உடல் முழுவதும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, துண்டாலோ முறத்தாலோ வேகமாக விசிறுங்கள். முதல் அரை மணி நேரம் மிக முக்கியம்.

3. நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்விடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

4. பூச்சிமருந்து தெளித்தவராக இருந்தால் கண்ணையும் வாயையும் பாருங்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி எச்சில் ஒழுகினால் அது மருந்து நஞ்சாக இருக்கலாம். மருந்துத் துணியை அகற்றி, உங்கள் கையில் படாதவாறு உடலைக் கழுவி, மருந்துப் புட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ. 4 இலட்சம் நிவாரணம் உண்டு. நேர்ந்ததை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

வேலையை அமைத்துக்கொள்ளும் முறை

மூளை இடும் முதல் கட்டளைக்குக் கீழ்ப்படிய முடிகிற வகையில் வேலையை அமைப்பதே நிலைத்த தீர்வு.

1. பங்குனி முதல் வைகாசி வரை காட்டு வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் முடிக்கவும். மீதி இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் செய்யவும். மருந்து தெளிப்பதைக் காலையிலேயே முடிக்கவும். சூடேறி வியர்த்த தோல் வழியே மருந்து மிகுதியாக உள்ளே போகும்.

2. களைகொத்து, வரப்பு வெட்டுப் போன்ற கடின வேலைகளை விடியற்காலையில் வைக்கவும். வத்தல் காம்பு கிள்ளுதல், விதை பிரித்தல் போன்றவற்றை நிழலில் நடுப்பகலுக்கு ஒதுக்கவும்.

3. கால் மணிக்கு ஒரு முறை ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கவும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். அளவு மீறினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். நடுவில் உப்பு மோரோ நீராகாரமோ சேர்த்துக்கொள்ளவும். நம் சாத்தூர் வெள்ளரிக்காயும் மடியில் இருக்கட்டும். இதய நோய், சிறுநீரக நோய், இரத்தக்கொதிப்புக்கு மருந்து உண்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

4. தண்ணீர்ப் பானையைக் காட்டின் ஒரு மூலையில் வைக்காமல், வேலை நகர நகர உடன் நகர்த்தவும். பத்தடியில் இருக்கும் தண்ணீரைக் குடிப்போம். நூறடியில் இருப்பதைத் தள்ளிப்போடுவோம்.

5. மரம் இல்லாத காட்டில் நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும் கொண்டு நிழல் அமைக்கவும். வரப்போரம் வேம்பு நடவும்.

6. தலையில் நனைத்த துண்டு கட்டவும். வெளிர்நிறப் பருத்தி உடையைத் தளர்வாக அணியவும். துண்டு காயக் காய நனைக்கவும்.

7. முதல்நாள் மது அருந்தியவர், வயிற்றுப்போக்கு உள்ளவர், இரவு தூங்காதவர் ஆகியோருக்கு அன்று வெயில் வேலை வேண்டாம்.

8. எடைக்கூலி கொடுப்பவர்கள் ஓய்வு நேரத்தையும் கணக்கிட்டுக் கூலி நிர்ணயிக்கவும். மணிக்குப் பத்து நிமிட நிழல் கொடுத்தால், மயங்கி விழுபவரும் குறைவர், வேலையும் பெரிதாகக் குறையாது.

பட்டாசு அறைகளுக்கும் ஒரு சொல்

உங்களில் பலருடைய வீட்டார் பட்டாசு ஆலைகளுக்குப் போகிறார்கள். மருந்து கையாளும் அறையில் மின்பொறி ஆபத்தால் மின்விசிறி வைக்க முடியாது. அங்கே காற்றோட்டமும் தண்ணீரும் இடைவேளையுமே குளிர்ச்சி. சூடேறிய மூளையில் கவனம் சிதறும், கைப்பக்குவம் குறையும். மருந்துக்கு முன் அமர்ந்தவருக்கு இவை சிறு குறைகள் அல்ல. நுட்பமான வேலைகளைக் காலைக் குளிர்ச்சியில் முடிப்பது இரு வகையிலும் பாதுகாப்பு.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அதை வெயிலின் கணக்கில் எழுத நான் வரவில்லை. ஆனால் உழைக்கப் போனவர் மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்பதன் பொருளை அந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வெடியின் ஆபத்தை எல்லோரும் அறிவோம். வெயிலின் ஆபத்து ஓசை இல்லாமல் வருவதால் நாம் அதை ஆபத்தாக எண்ணுவதே இல்லை.

ஆகவே, உழவர் பெருமக்களே, வெயிலில் கால் நிழலை நோக்கித் திரும்பினால் அதைத் தடுக்காதீர்கள். உங்கள் காட்டில் வேலை செய்பவர் சற்று உட்கார்ந்தால் அதட்டாதீர்கள். அடுத்த முறை நடுப்பகலில் செம்மறி மந்தையைப் பார்க்கும்போது, அது உங்களுக்கும் சொல்லும் செய்தியை எண்ணிப் பாருங்கள். இந்தக் கோடையில் வேலை நேரத்தை மாற்றுவது, தண்ணீர்ப் பானையை நகர்த்துவது, நிழலும் மறைப்பும் அமைப்பது ஆகிய மூன்றை மட்டுமாவது இன்றே தொடங்கிக் குடும்பத்தாரையும் கூலியாட்களையும் காத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.